மாலிகோட் டி-321ஆர்: தூசி பறக்கிற இடத்துக்குச் சரி, நனைகிற இடத்துக்கு வேண்டாம்

கிரீஸ் வைத்தால் மண் அப்பிக்கொள்ளும், வைக்காவிட்டால் பின்னும் (அச்சுக் கம்பி) அது நுழையும் புஷ்ஷும் (உள்வளையம்) கடித்துப் பிடித்துக்கொள்ளும். அப்படி மெதுவாக அசைந்து அதிகப் பளு தாங்கும் இடங்களுக்கான ஸ்பிரே இது. மாலிப்டினம் டைசல்பைடும் (சுருக்கமாக மாலி) கிராஃபைட்டும் கலந்த உலர் பூச்சு. ஓவன் தேவையில்லை, சாதாரண வெப்பத்திலேயே காய்ந்துவிடும். 450 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்கிறது தயாரிப்பாளரின் கணக்கு. ஆனால் காற்றுப் படும் இடத்தில் 350-ஐத் தாண்டினாலே மாலி ஆக்சைடாக மாறத் தொடங்கும். அந்தச் சூட்டில் நாள் முழுக்க ஓடும் பாகத்துக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பூச்சு உரிந்துவிட்டது என்ற புகாரில் பெரும்பாலும் குற்றம் ஸ்பிரேயுடையது அல்ல. பளபளப்பான ஷாப்ட்டில் அடித்தால் பிடிமானம் கிடைக்காது. பிளாஸ்டிங் (துகளை வேகமாக அடித்துச் சொரசொரப்பாக்குவது) அல்லது பாஸ்பேட்டிங் (பாஸ்பேட் கரைசலால் பிடிமானப் படலம் ஏற்றுவது) செய்து, அசிடோனில் துடைத்து, அதன்பின் வெறுங்கை படாமல் அடிக்க வேண்டும். கனமான தூள் டப்பாவின் அடியில் படிந்திருக்கும். குலுக்காமல் அடித்தால் வருவது பெரும்பாலும் கரைப்பான்தான். 10 மைக்ரான் தடிமன் போதும். ஷாப்ட்டின் விட்டம் அதனாலேயே இருபுறமும் சேர்த்து 20 மைக்ரான் கூடும் என்பதை மறந்தால் புஷ் ஏறாது. தடிமனாக அடித்தால் மேலே உள்ளது பொடியாக உதிர்ந்து இடைவெளியை அடைக்கும். காய்ந்ததும் செலோ டேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள்: டேப்பில் சாம்பல் தூள் வந்தால் பரவாயில்லை, அடியில் வெள்ளையாக உலோகம் தெரிந்தால் திரும்ப முதலிலிருந்து.

போல்ட்டுக்கு அடிப்பவர்கள் டார்க்கை (முறுக்கும் அளவை) குறைத்தே ஆக வேண்டும். 8.8 கிரேடு எம்12 போல்ட்டை 84 நியூட்டன் மீட்டரில் முறுக்கினால், உலர்ந்த மரைக்கு டார்க் குணகம் (K; உராய்வு கூடினால் கூடும் எண்) 0.20 என்ற கணக்கில், 35 கிலோநியூட்டன் இழுவிசை வரும். மாலி பூசியதும் குணகம் 0.12-க்கு இறங்கினால் அதே 84-க்கு 58. அந்த போல்ட்டின் புரூஃப் லோடு (நிரந்தரமாக நீளாமல் தாங்கும் இழுவிசை) சுமார் 49. போல்ட் நீண்டுவிட்டது, கழற்றிப் போட வேண்டியதுதான்.

துருவுக்குக் காப்பு என்று நினைத்து வாங்க வேண்டாம். ஈரம் சேர்ந்தால் கிராஃபைட்டே பக்கத்து அலுமினியத்தை அரிக்கவைக்கும், மாலியின் உராய்வும் கூடும். வேகமாகச் சுழலும் பால் பேரிங்குக்கும் இது ஆகாது. பூச்சின் மேல் ‘இன்னும் கொஞ்சம் பாதுகாப்பு’ என்று எண்ணெய் விடும் பழக்கம் வேறு இருக்கிறது. உதிர்ந்த தூளோடு எண்ணெய் சேர்ந்து பசையாகி, எந்த மண்ணுக்குப் பயந்து கிரீஸை விட்டோமோ அதையே கூப்பிட்டு ஒட்டவைக்கும்.