கொழும்பில் வோட்டர் புரூஃப் கமரா வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மோட்டார் சைக்கிளில் தூரப் பயணம் போகிறவர்கள், அதற்கென்று மழைக்கும் அடிக்கும் தாங்குகிற சின்னக் கமரா தேடுகிறவர்கள், காசைக் கொடுக்க முன்னர் இதை முழுதாக வாசியுங்கள். யாரோ கழற்றித் திருத்திய கமராவைப் புதியது என்று சொல்லி எனக்கு விற்றார்கள். கினிகத்தேனை மழையில் அது செத்துப்போனது. தண்ணீர் போகாது என்று சொல்லி விற்ற அதே கடை, தண்ணீர் போனதால் வாரண்டி இல்லை என்று கைவிரித்தது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பம்பலப்பிட்டிப் பக்கம் என்பதோடு விடுகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கமரா என்று வீட்டிலும் கேட்டார்கள். 2021 செப்டெம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஓர் அறிவிப்பு வெளியிட்டது: பெரிய மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு கைப்பிடி வழியாக ஏறி, ஐபோன் கமராவின் நடுக்கம் தடுக்கும் பகுதியையும் ஃபோகஸையும் காலப்போக்கில் கெடுக்கக்கூடும் என்று. என்னோடு ஓடுகிற ஒரு நண்பரின் போனில் இப்போது எந்தப் படமும் தெளிவாக விழுவதில்லை. அதோடு கையுறை போட்ட விரலுக்கும் நனைந்த திரைக்கும் ஒத்துவராது. மழையில் வழி காட்டவும் அவசரத்துக்கு அழைக்கவும் போன் பத்திரமாக இருக்க வேண்டும். படம் எடுக்கத் தனியாக ஒன்று வேண்டும்.

சாதாரண சின்னக் கமராவும் சரிவராது. அதில் ஒவ்வொரு தடவையும் லென்ஸ் வெளியே நீண்டு வந்து உள்ளே போகும். மன்னார்ப் பக்கம் வீதியை விட்டுக் கடற்கரைக்கு இறங்கினால் அந்த இடுக்குக்குள் மணல் போய்விடும், பிறகு லென்ஸ் பாதியில் நின்றுவிடும். அடிதாங்கும் வகைக் கமராக்களில் லென்ஸ் வெளியே வராது, ஸூம் முழுதும் உள்ளுக்குள்ளேயே நடக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு ஆழக் கணக்கை விட இதுதான் பெரிய விசயம்.

ஆழக் கணக்கைப் பார்த்தால் நிக்கோன் டபிள்யூ300 முப்பது மீற்றர், பனசொனிக் எஃப்டி7 31 மீற்றர், ஃபுஜி எக்ஸ்பி140 25 மீற்றர், ரிக்கோ டபிள்யூஜி-6 இருபது மீற்றர் தாங்கும். ஒலிம்பஸ் டிஜி-6 பதினைந்து மீற்றர்தான். முக்குளிக்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் முக்கியம், மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு இல்லை. டிஜி-6இன் லென்ஸ் எஃப் 2 வரை திறக்கும், அதாவது வெளிச்சம் குறைந்த இடத்திலும் நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும். மலைநாட்டு மூடுபனியிலும் பொழுது சாயும் நேரத்திலும் அது கைகொடுக்கும். ஜிபிஎஸ் இருக்கிறது, போன பாதையைப் பதிந்து வைக்கும். 2.1 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்பது தயாரிப்பாளர் சொல்லும் அளவு. சீட்டில் இருந்தபடி கை தவறினால் விழும் உயரம் அதைவிடக் குறைவு. ஆகவே நான் டிஜி-6 என்று முடிவெடுத்தேன். இப்போதும் அந்தத் தெரிவில் எனக்குக் குறை இல்லை. தயாரிப்பாளரிலும் குறை சொல்ல மாட்டேன்.

ஒன்றைக் கவனியுங்கள். மேலே சொன்ன கமராக்கள் எல்லாம் 2017க்கும் 2019க்கும் இடையில் வந்தவை, இப்போது தயாரிப்பில் இல்லை. டிஜி-6க்குப் பதிலாக டிஜி-7 வந்ததே 2023இல். அதற்குள் ஒலிம்பஸின் கமராப் பிரிவும் ஓஎம் டிஜிட்டல் என்ற புது நிறுவனத்துக்குக் கைமாறிவிட்டது. ஆகவே இன்று கொழும்பில் 'பெட்டி பிரிக்காதது' என்று காட்டப்படும் பழைய மாதிரி ஒன்றில், அது உண்மையிலேயே பிரிக்காததாக இருந்தாலும், தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் (சீல்) பல வருடப் பழசு. பாவிக்காமல் வைத்திருந்தாலும் ரப்பருக்கு வயது போகும். வருடத்துக்கு ஒரு தடவை அந்த ரப்பரை மாற்றச் சொல்லித் தயாரிப்பாளரே கையேட்டில் எழுதியிருக்கிறார். 2022 நெருக்கடியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிய பிறகு பயணப் பொதிகளில் வந்து சேர்ந்த சாமான் கடைகளில் கூடியிருக்கிறது. அது எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது என்பது விற்கிறவருக்கும் பெரும்பாலும் தெரியாது. தெரிந்தாலும் சொல்வதில்லை.

கடையில் எனக்கு ஒரு செய்முறை காட்டினார்கள். கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் எடுத்து, கமராவை உள்ளே போட்டு, சில விநாடியில் வெளியே எடுத்து, துடைத்து, படமும் எடுத்துக் காட்டினார் விற்பனையாளர். "பாருங்க தம்பி, ஒண்டும் நடக்காது." பார்க்கிறவர் எவரும் நம்புவார். அந்தச் சோதனையால் ஒன்றும் தெரியவராது என்பதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். ஒரு சாண் ஆழத்துத் தண்ணீரில் அழுத்தம் மிகச் சொற்பம். 15 மீற்றரில் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு இன்னும் ஒன்றரை மடங்கு சேரும். சீல் பாதி கெட்ட கமராவும் கோப்பைத் தண்ணீரில் தப்பிவிடும்.

வாரண்டி அட்டையையும் அங்கேயே வாசித்தேன். தயாரிப்பாளருடையது இல்லை, கடை அச்சடித்தது. ஒரு வருடம் என்று போட்டு, கீழே ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று சின்ன எழுத்து. அதற்கும் கீழே, உடைவு, எரிவு, திரவப் பாதிப்பு இருந்தால் வாரண்டி இல்லை. தண்ணீர் போகாத கமராவுக்குத் திரவப் பாதிப்பு இல்லை என்றால் எப்படி என்று கேட்டேன். "அது எல்லாச் சாமானுக்கும் அடிச்ச பொது அட்டை, இதுக்குப் பொருந்தாது" என்றார். வட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொன்னேன். எழுதினார்: ஒரிஜினல், புதுசு, வோட்டர் புரூஃப், ஒரு வருச வாரண்டி. அந்தச் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒன்றரை இலட்சத்துக்குக் கிட்டக் கொடுத்து, பெயரும் மாதிரி இலக்கமும் போட்ட பில்லும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

அதிவேக வீதிகளில் மோட்டார் சைக்கிளை விட மாட்டார்கள் என்பதால் எங்களுக்கு எப்போதும் பழைய பாதைதான். அவிசாவளை வரை நல்ல வெயில். டேங்க் பேக்கின் மேல் வலைக்குள் கமரா. கித்துல்கல தாண்டும்போது வானம் கறுத்தது, கினிகத்தேனை ஏற்றத்தில் கொட்டத் தொடங்கியது. ஹட்டனில் தேநீருக்கு நின்றபோது லென்ஸ் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. பின் திரையில் கோடுகள் ஓடின. பிறகு அணைந்தது, எழும்பவே இல்லை. கமராவின் பற்றரிக் கதவும் வயர் செருகும் கதவும் பூட்டியபடியே இருந்தன. மழை தொடங்கியதிலிருந்து நான் அவற்றைத் தொடவில்லை, கூட வந்தவர்கள் சாட்சி.

ஏன் அந்த இடத்தில் அப்படி நடந்தது என்று பிறகு விளங்கியது. வெயிலில் கிடந்த கமராவுக்குள் அடைபட்டிருக்கும் காற்று சூடேறி இருக்கும். குளிர் மழை பட்டதும் அது சுருங்கும். சுருங்கும்போது வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். சீல் நன்றாக இருந்தால் இழுக்க வழி கிடையாது. எங்காவது ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் மருந்தூசி போலத் தண்ணீரை உறிஞ்சிவிடும். தாழ்நிலச் சூட்டிலிருந்து நேரே மலைநாட்டு மழைக்குள் ஏறுகிற எங்கள் பயணங்களில் இது ஒவ்வொரு தடவையும் நடக்கிற விசயம். இந்த வகைக் கமராவுக்கு இதைவிடக் கடினமான சோதனை கடை மேசையில் நடக்காது.

கொழும்பு திரும்பியதும் கடைக்குப் போக முன்னர், பல வருடமாகக் கமரா திருத்துகிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். வெளியிலிருந்து பார்த்த உடனேயே ஒரு திருகாணியின் தலை தேய்ந்திருப்பதைக் காட்டினார். கழற்றினார். முன் மூடியைச் சுற்றி ஓடும் ரப்பர் ஓரிடத்தில் மடிந்து நசுங்கிக் கிடந்தது. திரையைச் சுற்றி வேறு ஏதோ பசை பூசியிருந்தது. "தம்பி, இதை யாரோ முந்தியே கழட்டியிருக்கிறாங்க. கழட்டிப் பூட்டினா காத்து அழுத்தம் குடுத்துப் பார்க்கவேணும். பார்க்கயில்ல" என்றார். தொடலாமா என்று என்னிடம் கேட்டுக்கேட்டுத்தான் ஒவ்வொன்றையும் தொட்டார், எல்லாவற்றையும் படம் எடுக்க விட்டார். கூலி வாங்கவில்லை. அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

இன்னொன்றையும் அவர்தான் சொல்லித் தந்தார், இந்தப் பதிவில் அதுதான் எல்லோருக்கும் உடனே பயன்படும். பல கமராக்கள் எடுக்கும் படக் கோப்புக்குள் அந்தக் கமராவின் தொடரிலக்கமும் பதிந்திருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் தெரியும். நான் முதல் நாள் எடுத்த படங்களைத் திறந்து பார்த்தோம். பெட்டியிலும் கமராவின் அடிப்பக்கத்திலும் ஒரே இலக்கம். படத்துக்குள் இருந்தது வேறு இலக்கம். உள்ளே இருக்கும் கமரா ஒன்று, வெளியே போட்ட உடல் இன்னொன்று.

கடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மழைக்குள் கதவைத் திறந்திருப்பாய் என்றார்கள் முதலில். தொடரிலக்கத்தைக் காட்டியதும் அது மென்பொருளின் பிழை என்றார்கள். வட்ஸ்அப் செய்தியைக் காட்டினேன். அதை எழுதிய பொடியன் இப்போது வேலையில் இல்லை என்றார்கள். கடைசியாக, அட்டையைப் பாருங்கள், திரவப் பாதிப்புக்கு வாரண்டி இல்லை என்று எழுதியிருக்கிறது என்றார் முதலாளி. தண்ணீருக்குள் போடலாம் என்று கோப்பையில் போட்டுக் காட்டி விற்ற அதே மேசையில் நின்றுகொண்டு சொன்னார். எனக்குக் காசு போனதை விட அந்தப் பதில்தான் பொறுக்க முடியவில்லை.

இனி வாங்குகிறவர்களுக்கு. கடையிலேயே உங்கள் மெமரி கார்டைப் போட்டு ஒரு படம் எடுங்கள், மடிக்கணினி கொண்டுபோய் அங்கேயே தொடரிலக்கத்தை ஒப்பிடுங்கள். படக்கோப்பின் பெயர் முடியும் இலக்கத்தையும் பாருங்கள், புதுக் கமராவில் அது ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் இலக்கத்தை மீட்டமைக்க வழி இருப்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். திருகாணித் தலைகளை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கதவைத் திறந்து ரப்பரைச் சுற்றிப் பாருங்கள், வெடிப்போ மணலோ இருக்கக் கூடாது. அட்டையில் திரவப் பாதிப்பு வரியைப் பேனையால் வெட்டிக் கடை முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

வீட்டுக்கு வந்த அன்றே பற்றரியையும் கார்டையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காய்ந்த திசுத்தாளை மடித்து வைத்து, கதவைப் பூட்டி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்துங்கள். குமிழி வருகிறதா பாருங்கள். வெளியே எடுத்துத் துடைத்து, லென்ஸுக்கும் திரைக்கும் உள்ளே ஆவி படிகிறதா, தாள் நனைந்ததா என்று பாருங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். வாளிக்கும் எல்லை உண்டு என்றாலும் கோப்பையை விட இது எவ்வளவோ மேல், கெட்ட சீல் பல இதிலேயே பிடிபடும். பயணம் தொடங்கிய பிறகு, கடல் நீர் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு காய்ந்தால் ரப்பரைத் தின்னும். சேர்விஸ் ஸ்டேஷனில் சைக்கிள் கழுவும் பிரஷர் குழாயைக் கமராவுக்குப் பிடிக்க வேண்டாம். அமிழ்த்தினால் தாங்கும் என்ற தரம் பீய்ச்சியடிக்கும் தண்ணீருக்குப் பொருந்தாது.

என் முறைப்பாட்டை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். பில், அட்டை, வட்ஸ்அப் செய்தி, திருத்துபவர் கழற்றும்போது எடுத்த படங்கள், தொடரிலக்கம் இரண்டும் தெரியும் தாள், எல்லாம் இணைத்தேன். கடைக்குக் கடிதம் போன பிறகு முதலாளி தானாக அழைத்தார். முறைப்பாட்டை வாபஸ் வாங்கினால் பாதிக் காசு தருவதாகச் சொன்னார். முழுக் காசும் வேண்டும், அந்தக் கமராவை இன்னொருவருக்கு விற்கக் கூடாது என்றும் எழுதித் தர வேண்டும் என்றேன். வைத்துவிட்டார். விசாரணைத் திகதிக்காகக் காத்திருக்கிறேன், கமரா என்னிடம்தான் இருக்கிறது.

இந்த வருடம் கொழும்பில் இப்படி ஒரு கமரா வாங்கியவர்கள் இன்றைக்கே ஒரு படத்தைத் திறந்து இலக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். கடை இழுத்தடிக்கும் நாட்களும் அந்த மூன்று மாதத்துக்குள்தான் அடங்கும். அதிகார சபையின் அவசர அழைப்பு இலக்கம் 1977.