பெஃபா அறிக்கைகள்: அரசுத்துறைச் செயல்திறனை ஆராய்பவர்களுக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

உலக வங்கி, பன்னாட்டு நாணய நிதியம், ஐரோப்பிய ஆணையம் ஆகியவற்றுடன் பிரான்ஸ், நார்வே, சுவிட்சர்லாந்து, பிரிட்டன் அரசுகளும் சேர்ந்து 2001-இல் தொடங்கியது பெஃபா (PEFA), அதாவது அரசுச் செலவு, நிதிப் பொறுப்புடைமை மதிப்பீட்டுத் திட்டம். ஒரு நாட்டின் அரசு நிதி நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பதை, 2016 சட்டகப்படி 31 குறியீடுகள், அவற்றுக்குள் அடங்கும் 94 கூறுகள் வழியாக அளந்து ஏ முதல் டி வரை மதிப்பெண் போடுகிறது. வெளியான அறிக்கைகள் இலவசம். வளரும் நாடுகளை ஆராயும் பொருளியலாளருக்கு இது நல்ல கருவி. ஆனால் கவனமாகக் கையாள வேண்டும்.

ஒரு குறியீட்டின் மொத்த மதிப்பெண்ணை அப்படியே எண்ணாக்கி ரெக்ரஷனில் (மாறிகளுக்கிடையே உள்ள தொடர்பை அளக்கும் புள்ளியியல் முறை) போடாதீர்கள். சம்பளப் பட்டியல் கட்டுப்பாட்டுக்கான 23-ஆம் குறியீட்டைப் பாருங்கள். அதில் நான்கு கூறுகள், சராசரி கிடையாது. மிகக் குறைந்த கூறுதான் மதிப்பெண், மற்றதில் ஏதேனும் உயர்ந்திருந்தால் ஒரு பிளஸ் சேரும். மூன்று கூறுகளில் ஏ வாங்கிய நாடும், மூன்று நிதியாண்டாகச் சம்பளத் தணிக்கையே நடத்தாவிட்டால் டி பிளஸ்தான். மூன்றில் டி, ஒன்றில் சி வாங்கிய நாட்டுக்கும் அதே டி பிளஸ். எனவே கூறு அளவிலேயே தரவை எடுங்கள்.

நட்சத்திரமிட்ட டி என்றால் மதிப்பிடத் தகவல் போதவில்லை என்று பொருள். விடுபட்ட தரவு என நீக்கினால், பதிவேடே ஒழுங்காக இல்லாத அரசுகள்தான் மாதிரியிலிருந்து கழன்றுபோகும். தனி மாறியாகக் குறித்து, அவற்றைச் சேர்த்தும் நீக்கியும் ஓட்டிப் பாருங்கள். 2011 பதிப்பிலும் 31 குறியீடுகள் இருந்தன; அவற்றில் மூன்று நன்கொடையாளர் நடைமுறை பற்றியவை. எண் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டையும் நேரே ஒப்பிடக் கூடாது.

பெரிய குறை வேறிடத்தில். மூன்றில் இரண்டு ஆண்டாவது மொத்தச் செலவு பட்ஜெட்டில் 95 முதல் 105 சதவீதத்துக்குள் இருந்தால் முதல் குறியீட்டில் ஏ. பணம் போய்ச் சேர்ந்ததா என்பது அதில் தெரியாது. உகாண்டாவில் 1991–95-இல் மாணவர் தலைக்கான மானியத்தில் சராசரியாக 13 சதவீதமே பள்ளிக்கு வந்தது தெரிந்தது, பள்ளிப் பதிவேட்டை மத்திய அரசின் கணக்கோடு வைத்துப் பார்த்த பிறகே. எட்டாம் குறியீட்டின் மூன்றாம் கூறு இதை நெருங்குகிறது. அதுவும் வந்துசேர்ந்த தொகை பற்றிய தகவல் திரட்டப்படுகிறதா என்று கேட்பதோடு நிற்கிறது.

ஆசிரியர் வகுப்பில் இருந்தாரா? 2002–03-இல் ஆறு நாடுகளில் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்தபோது சராசரியாக 19 சதவீத ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை. இதை அளக்க பெஃபாவில் கூறே கிடையாது. களத்துக்குத்தான் போக வேண்டும்.