அடைப்பைக் கரைக்கிறோம் என்று 18,500 ரூபாயைப் பறித்தார்கள்

ஈரோட்டில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா உள்ளே ஐசியூவில்.

நாலு மாதத்துக்கு முன்னால் அவருக்கு ஸ்டென்ட் (அடைத்த இதய ரத்தக்குழாயை விரித்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தார்கள். ரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரை இரண்டையும் ஒரு வருஷத்துக்கு ஒரு நாளும் விடக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார் டாக்டர். போன மாதம் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம். அப்பா பயந்துவிட்டார். டாக்டரைக் கேட்காமல் ராத்திரி பதினொரு மணிக்கு நான் போனில் தேடினேன். ஈறில் ஏன் ரத்தம் வருகிறது என்று தேடியிருக்க வேண்டும். நான் தேடியது ‘மாத்திரை இல்லாமல் இதய அடைப்பு கரைய’. அப்படிக் கேட்டால் கரைத்துத் தருகிறேன் என்கிறவன்தானே முதலில் வந்து நிற்பான்? மேலே சின்ன எழுத்தில் விளம்பரம் என்று போட்டிருந்தது இப்போதுதான் தெரிகிறது.

அந்தப் பக்கத்தில் என் நம்பரைக் கொடுத்த பத்து நிமிஷத்தில் போன். “ஏனுங்கண்ணா, எங்கய்யனுக்கும் இதேதானுங்க. இப்ப தோட்டத்துல தண்ணி கட்டறாருங்க” என்றான். நம்ம ஊர்ப் பேச்சு. அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டான். அப்பாவின் நோயைப் பற்றி அவ்வளவு நேரம் எங்களிடம் யாருமே பேசியதில்லை. அதில்தான் விழுந்தேன். மஞ்சள் விற்ற காசில் 18,500 ரூபாய் அனுப்பினேன். மூன்று டப்பா சூரணம் வந்தது. “இங்கிலீஷ் மாத்திரைய நிறுத்துனாத்தான் இது பிடிக்குமுங்க” என்றான். நிறுத்தினோம்.

பன்னிரண்டாம் நாள் நெஞ்சு கனக்குது என்றார் அப்பா. அவனைக் கூப்பிட்டேன். “அடைப்பு கரையுதுங்கண்ணா, அப்படித்தான் இருக்கும்.” மறுநாள் விடியக்காலை வேர்த்துக் கொட்டிச் சாய்ந்துவிட்டார். ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டியிருக்கிறது, மாத்திரையை நிறுத்தியதுதான் காரணம் என்றார் டாக்டர்.

திரும்ப அழைத்தால், மேனேஜர் பேசுவார் என்றார்கள். அந்த மேனேஜர், “டப்பாவைப் படிச்சீங்களா?” என்று கேட்டான். மருந்தல்ல, உணவுப்பொருள் என்று அடியில் அச்சடித்திருக்கிறது. 18,500 ரூபாய்க்கு உணவுப்பொருள்! அப்புறம் என் நம்பரையே தடுத்துவிட்டார்கள். இதய நோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது என 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. அந்த விளம்பரப் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், நர்ஸ் கூப்பிடுகிறார். ஸ்டென்ட் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நெஞ்சு கனத்தால் தேடிக்கொண்டு இருக்காதீர்கள், 108க்கு அடியுங்கள். காசு போனால் அன்றைக்கே 1930க்கு, ஆன்லைன் பண மோசடிப் புகார் எண்ணுக்கு, அடியுங்கள். நான் இன்று காலைதான் கூப்பிட்டேன். 18,500 போய் பதினேழு நாள் ஆகிவிட்டது.