365 நானோமீட்டர் புறஊதா டார்ச்: தேளுக்குச் சரி, நானோ துளைக்கு?

ஆறு வாரம் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன். ரூபாய் நோட்டு பார்க்கவோ, ராத்திரி கொல்லையில் தேள் தேடவோ என்றால் இந்த டார்ச்சைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 500 ரூபாய் நோட்டில் எண் வரிசை பளிச்சென்று ஒளிர்ந்தது. ஊரில் அப்பா வைக்கோல் போருக்குப் பக்கத்தில் டார்ச் அடித்தபோது தேள் பச்சையாக மின்னியது.

நான் வாங்கியது ஆய்வகத்துக்கு. 12 மைக்ரான் பெட் (PET) படலம், அதாவது தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பிளாஸ்டிக். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டின் ஜிஎஸ்ஐ ஆய்வு மையம் போன்ற இடங்களின் துகள் முடுக்கிகளில் கன அயனிகளை, அதாவது மின்னூட்டம் உள்ள கனமான அணுக்களை, அதில் பாய்ச்சுவார்கள். அவை போன தடத்தைக் காஸ்டிக் சோடாவால் அரித்தால் நானோ துளைகள் கிடைக்கும். துளைச் சுவரில், ஒளி பட்டால் வடிவம் மாறுகிற ஸ்பைரோபைரான் மூலக்கூறை ஒட்டவைக்கிறோம். இருட்டில் அது தண்ணீரை அண்டவிடாது. புறஊதா ஒளி பட்டால் மூலக்கூறின் வளையம் திறந்து, மெரோசயனின் என்ற வடிவம் ஆகும். துளை நனையும், அயனி ஓடும். சாதாரண வெளிச்சம் காட்டினால் மறுபடி மூடிக்கொள்ளும். கிளாமிடோமோனாஸ் பாசியின் சேனல்ரோடாப்சின், ஒளி பட்டால் திறந்து அயனியை விடுகிற புரதம், இந்தத் திறப்பை மில்லிசெகண்டில் முடித்துவிடும். நமக்கு நிமிஷக்கணக்கு.

வந்த அன்றே கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ஸ்பைரோபைரான் கரைசல் வைத்து டார்ச்சை அடித்தேன். நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி ஊதா ஏறியது. அலைநீளம் சரிதான் என்று சந்தோஷம். அப்புறம் துளை போட்ட படலத்தை, அதாவது சவ்வை, உப்புக் கரைசல் நிரப்பிய கலத்தில் பொருத்தி அடித்தால் துளை வழியான மின்னோட்டமும் ஏறியது. பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: "வெறும் சவ்வுல அடிச்சுப் பாத்தியா?"

பார்த்தேன். மூலக்கூறே ஒட்டாத சவ்விலும் ஏறியது!

டார்ச்சின் தலை கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. அதைக் கலத்துக்கு ஒட்டி வைத்திருந்தேன். கரைசல் 6 டிகிரி ஏறியிருந்தது. உப்புக் கரைசலின் கடத்துதிறன் டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் கூடும். நான் கொண்டாடியதில் பாதி வெறும் சூடு. இப்போது ஒரு சாண் தள்ளி வைத்து, சின்ன மின்விசிறி போட்டிருக்கிறேன். வெள்ளிக் குளோரைடு மின்முனைகளையும் அலுமினியத் தாளில் சுற்றிவிட்டேன்; அந்த உப்பு ஒளி பட்டால் கறுக்கும்.

பெரிய குறை வேறு. சில நிமிஷத்தில் டார்ச் சூடாகி, தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஒளிமானியில்தான் தெரிந்தது. ஸ்பைரோபைரானும் திரும்பத் திரும்பத் திறந்து மூடினால் களைத்துப் போகிற சரக்கு. மின்னோட்ட வரைபடம் சரிந்தபோது மூலக்கூறைத் திட்டி இரண்டு சவ்வைக் குப்பையில் போட்டேன். விற்றவரிடம் கேட்டதற்கு, "பேட்டரியை மாற்றிப் பாருங்கள்" என்று பதில் வந்தது. புது பேட்டரியிலும் அதே கதை.

ஐந்துக்கு மூன்று. கூட வருகிற மஞ்சள் கண்ணாடியை நம்ப வேண்டாம். அதன் வழியாகவும் நோட்டு ஒளிர்வது தெரிந்தது என்பதற்காக அல்ல, அது கண்ணுக்குத் தெரிகிற ஒளிதான்; பக்கவாட்டில் முழுக்கத் திறந்திருப்பதால், புறஊதா கண்ணுக்கு வந்துவிடும். முகத்தோடு ஒட்டி மூடுகிற கண்ணாடி தனியாக வாங்கிவிடுங்கள்.