கையொப்பம் வாங்கியாச்சு: சுவரிலா, பெட்டியிலா?

போன தை மாதம் வெள்ளையடிப்பதற்காக ஹோல் சுவரில் இருந்த பிரேமைக் கழற்றினேன். முன்னால் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. திருப்பினால் பின்பலகை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். கீழ் மூலையில் கறையான் மண்கோடு ஒரு விரல் நீளத்துக்கு ஏறியிருந்தது. உள்ளே இருந்தது முத்தையா முரளிதரன் கையொப்பமிட்ட படம். 2010 ஜூலையில், காலி நகரத்து கிரிக்கெட் மைதானத்தில், 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்த நாளின் படம் அது. ஆணிகளைப் பிடுங்கிக் கண்ணாடியைத் தூக்கினேன். படத்தின் ஒரு மூலை கண்ணாடியோடேயே வந்துவிட்டது.

அதே வீட்டில், அதே ஈரத்தில், அப்பாவின் ஆட்டோகிராப் கொப்பி ஒன்று தகரப் பிஸ்கட் பேணிக்குள் கிடக்கிறது. பாடசாலைக் காலத்து வடக்கின் பெருஞ்சமர் (யாழ் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதுகிற கிரிக்கெட் போட்டி) வீரர்களின் கையொப்பங்கள்தான் பெரும்பாலும். நடுவில் ஒரு பக்கத்தில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் இருக்கிறார். 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்ந்து, ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதல் தங்கம் எடுத்துத் தந்தவர். தாள் ஓரம் பழுப்பேறியிருக்கிறது. மை அப்படியே நிற்கிறது. 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்தைவிட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது சுவரில் இருந்த படங்கள் சுவரிலேயே நின்றன. பேணி அம்மாவின் பைக்குள் போனது. சாவகச்சேரி வரை போய்த் திரும்பி வந்த கொப்பி அது.

ஆக, நான் எந்தப் பக்கம் என்பது தெரிந்திருக்கும். இரண்டு பொருள்களை வைத்து ஒரு பொது விதி சொல்ல முடியாதுதான். ஆனால் அதற்குப் பிறகு வீட்டிலிருந்த மற்றவற்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் என் எண்ணம் இன்னும் இறுகியதே தவிர இளகவில்லை.

முதலில் பிரேமுக்காக வாதாடுகிறேன். கையொப்பம் வாங்குவதே நாலு பேர் பார்க்கத்தான். வீட்டுக்கு வருகிற சின்னப் பெடியன் படத்துக்கு முன்னால் நின்று "இது உண்மையாவே அவர் போட்டதோ?" என்று கேட்கிற சந்தோசத்தைப் பெட்டி தராது. ஒழுங்காகப் பிரேம் போட்டால் பழுதாகாமல் வைக்கவும் முடியும். கண்ணாடி படத்தில் தொடக்கூடாது; நடுவில் அமிலமற்ற மவுண்ட் அட்டை ஒன்று இடைவெளி விட வேண்டும். என் படத்துக்கு அந்த அட்டை இல்லை, அதனால்தான் ஒட்டியது. பின்னுக்கு ஹார்ட்போர்ட் வைத்தால் அதிலுள்ள அமிலம் நாளடைவில் தாளைப் பழுப்பாக்கும். பிரேமின் பின்பக்கம் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் அதற்கும் நடுவே காற்றுப் போகும். முக்கியமாக, வெளிச்சுவரில் மாட்டக்கூடாது. வாடைக்காற்று மழையை அடிக்கிற வடக்கு, கிழக்குச் சுவர்கள் மாரி முழுக்க ஈரத்தைக் குடித்துக்கொண்டு நிற்கும். உள்சுவர்தான் சரி.

வெளிச்சம் இன்னொரு கதை. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். அதை வடிகட்டுகிற அக்ரிலிக் தகடு கிடைக்கிறது. எனக்கு லண்டனிலிருந்து வந்த சித்தப்பா ஒன்று கொண்டுவந்து தந்தார். அதுவும் முழுக் காவல் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மையை மங்கவைக்கும். மார்க்கர், குமிழ்முனைப் பேனை இரண்டும் இதில் பலவீனம். பென்சில் மட்டும் வெளிச்சத்துக்கு அசையாது, ஆனால் எந்த வீரரிடம் போய்ப் பென்சிலை நீட்டுவது? மங்கியது திரும்பி வராது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இவ்வளவையும் கவனித்துப் பிரேம் போட்டாலும் என்னால் தாண்ட முடியாத ஒன்று இருக்கிறது. பிரேமைத் திறக்க முடியாது.

பெட்டியா பிரேமா என்ற கேள்வியில் எனக்கு முடிவு இதில்தான் வந்தது. யாழ்ப்பாணத்து வீட்டில் கடதாசிக்கு எதிரிகள் பலர்: ஈரம், பூஞ்சணம், கறையான், பசையையும் தாளையும் சுரண்டித் தின்கிற வெள்ளிப்பூச்சி. இவற்றில் எதுவும் ஒரே நாளில் வேலையை முடிப்பதில்லை. பூஞ்சணம் முதலில் ஒரு சின்னப் புள்ளி, வெள்ளிப்பூச்சி முதலில் ஒரு ஓரச் சுரண்டல். அந்த நேரத்தில் கண்டால் காப்பாற்றலாம். பிரேம் கடைக்காரர் ஆணி அடித்து, பின்னால் பழுப்பு டேப் ஒட்டித் தந்ததை எந்த மனுசன் மாதாமாதம் பிரிப்பான்? நான் ஆறு வருடம் பிரிக்கவில்லை. முன்னால் கண்ணாடியைத் துடைத்து, பளபளப்பைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் நடந்ததைக் கறையான் மட்டும்தான் பார்த்தது.

பெட்டி என்றால் மூடியைத் தூக்குகிறோம், ஐந்து நிமிட வேலை. நான் வருடத்துக்கு இரண்டு நாள் வைத்திருக்கிறேன். சரஸ்வதி பூசைக்குக் கொப்பி புத்தகம் எல்லாம் எடுத்து அடுக்குகிற கிழமை ஒன்று. அது மாரி தொடங்குமுன் வரும். மற்றது பங்குனியில் சென்றல் (மத்திய கல்லூரி) மைதானத்தில் பெருஞ்சமர் முடிந்த கிழமை. 1904இல் தொடங்கிய போட்டி, அதனால் மறந்துபோக வழியில்லை; காற்றும் அப்போது காய்ந்திருக்கும். நடுவில் கார்த்திகை, மார்கழியில் மாதம் ஒருதரம் மூடியைத் திறந்து மணந்து பார்ப்பேன். பூஞ்சணத்தைக் கண்ணுக்கு முன் மூக்கு கண்டுபிடிக்கும்.

பெட்டி என்றதும் ஏதோ பெரிய ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல், கையடக்க ஈரப்பத மானி ஒன்று. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். நான் 50க்கும் 60க்கும் நடுவில் வைக்கப் பார்க்கிறேன். செம்மஞ்சள் நிற ஜெல் ஈரம் குடித்துப் பச்சையானால் போறணையில் சூடாக்க, பழைய நிறத்துக்கு வரும். ஒரு எச்சரிக்கை: மழை நாளில் ஈரத்தோடு உள்ளே வைத்து மூடினால் ஈரத்தையே பூட்டி வைத்ததாகிவிடும். காய்ந்த நாளில் வையுங்கள். பெட்டியை நிலத்தில் வைக்காமல் அலுமாரியின் நடுத்தட்டில் வையுங்கள்.

தாள்களைப் போடுகிற உறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். மணக்கிற, ஒட்டுகிற மலிவு உறைகள் பெரும்பாலும் பிவிசி. காலப்போக்கில் அது கசிந்து மையை இழுக்கும். உறையில் அச்சிட்ட முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் பொலிப்ரொப்பிலீன், அது பரவாயில்லை. 3 என்றால் வேண்டாம். பசைத்தாள் அல்பமும் வேண்டாம். லாமினேட் செய்வதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்; சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது, விற்கப்போனால் வாங்குகிறவர் முகத்தைத் திருப்புவார்.

விலை என்று வந்ததால்: எங்கே, எப்போது, யார் முன் கையொப்பம் வாங்கியது என்று ஒரு துண்டில் எழுதி, அந்த நேரம் எடுத்த படத்தையும் சேர்த்து வையுங்கள். பெட்டியில் இதற்கும் இடம் இருக்கிறது. துடுப்புகளில் அச்சிட்ட கையொப்பங்கள் நிறைய வருவதால் இந்தத் துண்டுக்கு மதிப்பு அதிகம்.

என் மச்சான் இதற்கெல்லாம் மடங்கவில்லை. "பெட்டிக்குள்ள பூட்டி வச்சா ஆர் பாக்கிறது?" என்றான். நியாயமான கேள்வி. அதற்கு நான் கண்ட வழி, 600 டிபிஐயில் ஸ்கான் செய்து, நல்ல தாளில் அச்சடித்து, பின்னால் "பிரதி" என்று எழுதி அதைப் பிரேம் போட்டது. முரளியின் படம் இப்போது அப்படித்தான் தொங்குகிறது, மூலை கிழிந்த அடையாளத்தோடு. கறையான் வந்தால் இன்னொன்று அச்சடிக்கலாம். மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. கோயிலில் உற்சவ மூர்த்தியைப் பார்த்துவிட்டு மூலவரைக் காணாமல் திரும்பியது போல இருக்கிறதாம்.

துடுப்பு, பந்து என்று வந்தால் என் பெட்டி தோற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். துடுப்பை மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் உள்ளேயே வியர்க்கும். அதற்குக் கதவு திறக்கிற கண்ணாடி அலுமாரிதான் நல்லது, ஜன்னலுக்கு எதிரே இல்லாமல். திறக்கிற கதவு என்பதால் என் நிபந்தனைக்கும் அது பொருந்துகிறது. கையொப்பம் உள்ள பக்கத்தில் ஆளிவிதை எண்ணெயோ வார்னிஷோ தொடக்கூடாது, மை கலங்கும். தோல் பந்தில் பூஞ்சணம் வெகு சீக்கிரம் பிடிக்கும். காய்ந்த மெல்லிய துணியால், எழுத்தை விட்டு, சுற்றியுள்ள இடத்தை மட்டும் துடைக்கிறேன்.

ஜேர்சி விசயத்தில் என் அனுபவம் ஒரு மாரிதான். யாழ்ப்பாண அணி எல்பிஎல் (லங்கா பிரீமியர் லீக்) கிரிக்கெட் கிண்ணம் எடுத்த ஒரு வருடத்தில் கையொப்பத்தோடு கிடைத்தது. மடித்தால் மடிப்பு எழுத்துக்கு மேல் விழுகிறது, தொங்கவிட்டால் தோள் இழுபடுகிறது. இப்போதைக்கு வெள்ளைப் பருத்தித் துணி சுற்றிய குழாயில், எழுத்து வெளிப்பக்கம் வரும்படி சுருட்டி, மேலே இன்னொரு துணி சுற்றி லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். மார்க்கர் துணியில் கொஞ்சம் பரவியது போலத் தெரிகிறது. அது போன மாரிக்குப் பிறகா, கையொப்பமிட்ட நாளிலேயேயா என்று ஒப்பிட அன்றைக்கு நான் படம் எடுத்து வைக்கவில்லை. இப்போது எடுத்து வைத்திருக்கிறேன். சரஸ்வதி பூசைக் கிழமையில் பிரித்து, அதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.