"27 அங்குல பாரிடோன்" விளம்பரமா? முதலில் 12-ஆம் ஃப்ரெட்டை அளந்து பாருங்கள்

குறைந்த விலையில் பாரிடோன் (கீழ்ச் சுருதிக்காகக் கம்பி நீளம் கூட்டிய) எலக்ட்ரிக் கிட்டார் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விளம்பரம் பார்த்து ஒரு பையன் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கிட்டார் சர்வீஸுக்கு வந்தது. "27 அங்குல பாரிடோன், ஹார்ட் ராக்குக்கு ரெடி" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அது பாரிடோனே இல்லை.

நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் கட்டை) பிரிட்ஜ் (உடலில் கம்பி முடியும் தாங்கி) வரை டேப் வைத்தால் 686 மி.மீ., சரியாக 27 அங்குலம். விற்றவர் அனுப்பிய போட்டோவும் அதைத்தான் காட்டியது. ஆனால் நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வரை அளந்தால் 324 மி.மீ. அது பாதித் தூரமாக, அதாவது 343-ஆக இருக்க வேண்டும். 324 என்பது சாதாரண 25.5 அங்குல கிட்டாரின் கணக்கு. பிரிட்ஜைக் கழற்றி 38 மி.மீ. பின்னுக்குத் தள்ளிப் புதுத் துளை போட்டிருக்கிறார்கள். பழைய துளைகளில் மரத்தூளும் பசையும் அடைத்து மேலே கறுப்பு பெயின்ட். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் இரண்டு வட்டங்கள் மங்கலாகத் தெரிகின்றன. பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்புக்கும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) பிரிட்ஜுக்கும் நடுவே வழக்கத்துக்கு மீறிய இடைவெளி.

இதைச் சரிசெய்ய முடியாது. ஃப்ரெட்டுகள் 648 மி.மீ.க்கு வெட்டப்பட்டவை, கம்பி 686. திறந்த கம்பியை பி-யில் வைத்தால் 12-ஆம் ஃப்ரெட்டில் மேல் பி வராது, ஏறக்குறைய ஏ ஷார்ப் வரும். ஐந்தாவது ஃப்ரெட்டிலேயே அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடுகிறது. சாடில் (பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சிறு துண்டு) சில மி.மீ. மட்டுமே நகரும், அது எந்த மூலைக்கு?

விற்றவரின் டெமோ வீடியோவில் இது ஏன் தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள். ட்ராப் ஏ ட்யூனிங்கில் (தடித்த கம்பியை மட்டும் கூடுதலாக ஏ வரை இறக்கும் முறை) ஒரே விரலால் தடித்த மூன்று கம்பியையும் அமுக்கி, முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள் வாசித்திருக்கிறார். ஒரே ஃப்ரெட்டில் எல்லாக் கம்பியும் ஒரே அளவு இறங்குவதால் கார்டு தனக்குள் சுத்தமாகவே கேட்கும். டிஸ்டார்ஷனும் சேர்ந்தால் யார் காதுக்கும் பிடிபடாது. பையன் கேட்டதற்கு "பாரிடோன் அப்படித்தான் இருக்கும், உங்க ஆம்ப் சரியில்லை" என்று பதில் வந்தது. பொய்.

இன்னொரு வகை ஏமாற்றும் உண்டு. 25.5 அங்குல கிட்டாரில் 13-62 கம்பி (மெல்லியது, தடித்தது இரண்டின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) மாட்டி பாரிடோன் என்பார்கள். 46 கம்பிக்கு வெட்டிய நட் பள்ளத்தில் 62 இறங்காது, மேலே உட்கார்ந்துவிடும். அதனால் முதல் இரண்டு ஃப்ரெட்டில் சுருதி ஏறும். இதை நட் ஃபைலால் சரிசெய்யலாம், ஆனால் பாரிடோன் விலை கொடுக்காதீர்கள். நீளத்துக்குத்தான் காசு. அதே கம்பி, அதே பி என்றால் 25.5-ஐ விட 27 அங்குலத்தில் இழுவிசை 12 சதவீதமும், 28-இல் 21 சதவீதமும் கூடும். பலமாக அடித்தாலும் கம்பி தொளதொளவென்று ஆடாமல் இருப்பது அதனால்தான்.

நீங்கள் வாசிப்பது சி ஷார்ப், ட்ராப் சி என்றால் பாரிடோனே தேவையில்லை. பிளாக் சபாத் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி 1971-இலேயே சாதாரண நீளக் கிட்டாரில்தான் சி ஷார்ப்புக்கு இறக்கினார். பி, ஏ வரை போகிறவர்களுக்கே இந்தச் செலவு.

விற்பவரிடம் மாடல் பெயரைக் கேட்டு, தயாரிப்பாளர் தரும் அளவோடு ஒப்பிடுங்கள். இ.எஸ்.பி. எல்.டி.டி. வைப்பர்-201பி 27 அங்குலம், பி.ஆர்.எஸ். எஸ்.இ. 277 27.7, ஐபனெஸ் ஆர்.ஜி.ஐ.பி.6 28. ஸ்குவையர் பாரனார்மல் பாரிடோன் கப்ரோனிட்டாவும் 27 அங்குலம்தான். ஆனால் அதில் இருப்பது சிங்கிள் காயில் சோப்பார் (ஒற்றைச் சுருள் பிக்கப்), கெயின் ஏற்றினால் இரையும். ஹார்ட் ராக்குக்கு ஹம்பக்கர் (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ளதையே எடுங்கள்.

அட்வான்ஸ் அனுப்பும் முன் இரண்டு கேளுங்கள். ஒன்று, நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை ஸ்கேல் வைத்த போட்டோ: 27-க்கு 343 மி.மீ., 28-க்கு 356. அங்கிருந்து சாடில் வரையும் அதே அளவு வர வேண்டும். தடித்த கம்பிப் பக்கம் சில மி.மீ. கூடலாம், சென்டிமீட்டர் கணக்கில் கூடக் கூடாது. இரண்டு, ட்யூனர் தெரிய வீடியோ: ஒவ்வொரு கம்பியிலும் 12-ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக் (அமுக்காமல் ஃப்ரெட்டுக்கு மேல் லேசாகத் தொட்டு மீட்டுவது), உடனே அதே ஃப்ரெட்டை அமுக்கி ஒரு முறை. முள் இரண்டு முறையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். "நேரமில்லை" என்று தட்டிக் கழித்தால் அந்தக் கிட்டாரை விட்டுவிடுங்கள்.