லினக்ஸ்டிப்ளாய்: புதிய கியூடியை ஆப்இமேஜுக்குள் கட்டும் கருவியை எவ்வளவு நம்பலாம்?

செயலிகளின் திரைகளை எழுத உதவும் கியூடி நூலகத்தில், டெபியன் 12, உபுண்டு 24.04 ஆகிய இரண்டு லினக்ஸ் வெளியீடுகளின் களஞ்சியத்திலும் இருப்பது 6.4.2தான். 2024 அக்டோபரில் வந்த 6.8-ஐ நம்பி எழுதிய செயலி இவற்றில் ஓட வேண்டுமானால், கியூடியையும் கூடவே, நிறுவாமலேயே ஓடும் ஒற்றைக் கோப்பான ஆப்இமேஜில் கட்டிக் கொடுத்தாக வேண்டும். அந்த வேலைக்கு லினக்ஸ்டிப்ளாயும் அதன் கியூடி துணைக்கருவியும் நல்ல தேர்வு என்று தயங்காமல் சொல்லலாம். செயலியோடு நேரடியாக இணைந்த நூலகங்களை அது ஒழுங்காகத் திரட்டிவிடும். ஓடும்போது பெயர் சொல்லித் திறக்கப்படும் கோப்புகளில்தான் கோட்டை விடுகிறது. பயனர்களிடமிருந்து வரும் புகார்களில் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதலில் எங்கே கட்டுவது என்று முடிவு செய்யுங்கள். ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்), ஓப்பன்ஜிஎல் (வரைகலை நூலகம்) போன்ற அடிப்படை நூலகங்களைக் கருவி வேண்டுமென்றே உள்ளே வைப்பதில்லை. அவை பயனரின் கணினியிலிருந்தே வரும். உபுண்டு 22.04-இல் ஜிலிப்சி 2.35. அங்கே கட்டியதை டெபியன் 11 (2.31), ரெட்ஹேட் 9 (2.34) ஆகியவற்றில் திறந்தால் 'இந்தப் பதிப்பு கிடைக்கவில்லை' என்று நின்றுவிடலாம். டெபியன் 11 கன்டெய்னரில் (கணினிக்குள் தனித்து ஓடும் சூழல்) கட்டினால் இரண்டிலும் ஓடும். கியூடியை மூலத்திலிருந்து தொகுக்கத் தேவையில்லை. பைத்தானில் எழுதிய ஏக்யூடி இன்ஸ்டால் கருவி அதிகாரபூர்வ 6.8-ஐ இறக்கித் தரும். 6.7 முதல் கட்டமைப்புப் பெயர் 'லினக்ஸ்_ஜிசிசி_64' என்று மாறிவிட்டது. பழைய 'ஜிசிசி_64'-ஐக் கொடுத்தால் பிழை வரும்.

கட்டும் முறை சுருக்கமானது. செயலியை, ஆப்இமேஜாக மாறவிருக்கும் ஆப்டிர் கோப்புறைக்குள் 'யுஎஸ்ஆர்' முன்னொட்டோடு நிறுவி, டெஸ்க்டாப் கோப்பையும் ஐகானையும் சேர்த்து, க்யூமேக் சூழல் மாறியில் புதிய கியூடியின் க்யூமேக் நிரல் (கியூடி எங்கே இருக்கிறது என்று சொல்வது) இருக்கும் பாதையை முழுதாகக் கொடுத்து, கருவியை ஓட்ட வேண்டும். அந்தப் பாதையை விட்டுவிட்டால் கணினியில் கிடக்கும் பழைய கியூடியின் ப்ளகின்களை (ஓடும்போது ஏற்றப்படும் துணை நூலகங்கள்) எடுத்து வைத்துவிடும். கன்டெய்னரில், ஆப்இமேஜைத் திறக்க உதவும் ஃப்யூஸ் பொதுவாக இருக்காது என்பதால், கருவியையே 'பிரித்து ஓட்டு' விருப்பத்தோடு அழைக்க வேண்டும். நூலகங்களின் தேடுபாதையை ஆப்டிருக்குள்ளேயே திருப்புவது, ப்ளகின்களின் இடத்தைச் சொல்லும் கியூடி.கான்ஃப் கோப்பை எழுதுவது எல்லாம் அதன் பொறுப்பு. இவற்றைக் கையால் செய்தவர்களுக்கு இந்த அருமை தெரியும்.

முட்டுக்கட்டைகள் சில உண்டு. கியூடி 6.5 முதல், எக்ஸ்11 திரையில் சாளரம் காட்டும் எக்ஸ்சிபி ப்ளகினுக்கு லிப்எக்ஸ்சிபி-கர்சர்0 வேண்டும். கட்டும் கன்டெய்னரில் அது இல்லையென்றால் 'சார்பு கிடைக்கவில்லை' என்று கருவி நிற்கும். செயலி எஸ்க்யூஎல் தொகுதியைப் பயன்படுத்தினால் அடுத்து மைமர் தரவுத்தளத்தின் நூலகத்தைக் கேட்டு நிற்கும். எஸ்க்யூலைட் மட்டும் போதும் என்றால், கட்டுவதற்கு முன் கியூடியின் எஸ்க்யூஎல் ப்ளகின் கோப்புறையிலிருந்து மைமர், மைஎஸ்க்யூஎல், ஓடிபிசி, போஸ்ட்கிரஸ் போன்ற மற்ற ப்ளகின்களை எடுத்துவிடுங்கள். ஆர்ச், ஃபெடோரா போன்ற புதிய வெளியீடுகளில் கட்டினால், கருவிக்குள்ளேயே வரும், கோப்புகளின் அளவைக் குறைக்கும் பழைய ஸ்ட்ரிப் நிரல் 'ரெல்ஆர்' பகுதியைப் புரிந்துகொள்ளாமல் தோற்கும்; 'நோ ஸ்ட்ரிப்' மாறியை 1 ஆக்கினால் தீரும்.

கருவி வெற்றி என்று சொல்லி முடித்த பிறகு வருவதுதான் கவனிக்க வேண்டியது. இயல்பாக எக்ஸ்சிபி தளப் ப்ளகின் மட்டுமே உள்ளே போகிறது. புதிய திரை அமைப்பான வேலாண்டில் செயலி, எக்ஸ்11 செயலிகளுக்கான எக்ஸ்வேலாண்ட் பாலம் வழியாக ஓடும். 125 விழுக்காடு அளவில் எழுத்து மங்கலாம். வேலாண்ட் ப்ளகினைக் கூடுதலாகக் கேட்டு வாங்கினால் மட்டும் போதாது. ஷெல் ஒருங்கிணைப்புக் கோப்புறையும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் 'எக்ஸ்டிஜி-ஷெல்' கிடைக்கவில்லை என்ற செய்திதான் மிஞ்சும். கியூடியின் திரை மொழியான க்யூஎம்எல்லில் எழுதிய செயலிகளுக்கு மூலக் கோப்புறையைச் சொல்லும் மாறியை நிரப்ப வேண்டும். குறியீட்டுக்குள் சரமாகக் கட்டி ஏற்றும் தொகுதிகளைத் தேடுநிரல் காணாது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களை அதிகம் பாதிப்பது உள்ளீட்டுப் ப்ளகின். ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் 5 இரண்டும் தட்டச்சு முறைகளை இயக்கும் நிரல்கள். இவற்றில் கியூடி தன்னோடு கொண்டுவருவது ஐபஸ் ப்ளகின்தான். ஐபஸின் எம்17என் தொகுப்பு வழியாகத் தமிழ்99 பயன்படுத்துபவருக்கு, 'பிளாட்ஃபார்ம்இன்புட்கான்டெக்ஸ்ட்ஸ்' கோப்புறையில் அந்தக் கோப்பு இருந்தால் போதும். எஃப்சிஐடிஎக்ஸ் 5 பயனரின் நிலை வேறு. அதன் ப்ளகின் தனித் திட்டத்தில் வருவது. கணினியில் இருக்கும் பிரதி 6.4.2-க்குக் கட்டப்பட்டது, அது உள்ளே வராது. எனவே செயலி திறக்கும், மெனு எல்லாம் சரியாக இருக்கும், எழுதும் பெட்டியில் மட்டும் ஆங்கிலமே விழும். தற்காலிக வழி ஒன்று இருக்கிறது: எஃப்சிஐடிஎக்ஸ் 5 ஐபஸ் நெறிமுறையையும் பேசும் என்பதால், கியூடி உள்ளீட்டு மாறியை 'ஐபஸ்' என்று வைத்துத் திறந்தால் தமிழ் வரும். முறையான வழி, அந்தப் ப்ளகினை 6.8-க்கு எதிராகத் தொகுத்து உள்ளே வைப்பது. கியூடியின் பதிப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதை மறுபடி தொகுக்க வேண்டும். தமிழில் எழுதுவதற்கென்றே ஒரு செயலி வெளியிடுபவர் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

கணினியின் ப்ளகின் பாதையைத் திறந்துவிட்டுக் குறுக்குவழி தேடாதீர்கள். 'பொருந்தாத கியூடி நூலகத்தைக் கலக்க முடியாது' என்று செயலி அந்த இடத்திலேயே நின்றுவிடலாம். எந்தப் ப்ளகின் ஏன் ஏறவில்லை என்று பார்க்க, ப்ளகின் பிழைதேடும் மாறியை 1 ஆக்கி முனையத்திலிருந்து திறந்தால் ஒவ்வொரு கோப்பின் கதையும் வரிவரியாக வரும்.

ஃபிளாட்பேக் என்ற மாற்றுப் பொதி முறையில் கேடிஈ இயங்குதளம் (கியூடி அடங்கிய பொது நூலகத் தொகுப்பு) 6.8-ஐச் சார்ந்தால் இந்தச் சுமை பெரும்பாலும் இல்லை. ஆனால் பயனர் அந்த இயங்குதளத்தையும் இறக்க வேண்டும், கோப்பு அணுகலும் அடைபட்டிருக்கும். ஒரே கோப்பை பென்டிரைவில் கொடுத்து ஓட்டச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆப்இமேஜ்தான் தோது.

ஹெச்டிடிபிஎஸ் பேசும் செயலிக்கு இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். அதிகாரபூர்வ கியூடி 6.8, குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஐ ஓடும்போது தேடும். டெபியன் 11-இல் இருப்பது 1.1.1. அங்கும் இணைப்பு வேண்டுமானால் 3-ஐத் தனியாகத் தொகுத்து, நூலக விருப்பத்தில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். சேர்த்த நாள் முதல் அதன் பாதுகாப்புத் திருத்தங்கள் உங்கள் பொறுப்பு. ஓப்பன்எஸ்எஸ்எல் திருத்தம் வெளியாகும் ஒவ்வொரு முறையும் ஆப்இமேஜை மறுபடி கட்டி வெளியிட முடியுமா என்று பார்த்துவிட்டு அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.